காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் மலை, தோட்டம், கோட்டை: கொடைக்கானலா, சிறுமலையா, கொல்லிமலையா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பத்திருபது பேர் சேர்ந்து வண்டி பிடித்து ஒரு நாள் மலைப்பக்கம் போய் வரலாம் என்று பேச்செடுத்தால், மறுபேச்சில்லாமல் விழும் பெயர் கொடைக்கானல். பங்காளிகள் கூட்டம், மகளிர் குழு, பள்ளி ஆசிரியர்கள் என்று யாராக இருந்தாலும் அதே பெயர்தான். திரும்பி வந்தபின் கேட்டால் பாதிப் பேர் சொல்வது, "வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்" என்பது. இது கொடைக்கானலின் குற்றமில்லை. செட்டிநாட்டிலிருந்து அந்த மலை இருக்கும் தூரமும் ஒரு பகல் பொழுதின் நீளமும் ஒத்துவருவதில்லை.

ஒரு நாள் பயணத்துக்கு மலையைத் தேர்ந்தெடுக்கும்போது கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வண்டியில் கழியும் மணி எத்தனை, இறங்கிக் காலால் நடக்கும் மணி எத்தனை என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டாவது எண் முதலாவதைவிடக் கணிசமாகக் குறைந்தால் அது சுற்றுலா ஆகாது, வெறும் பயணம். மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் என்பது சமவெளியில் 50 கிலோமீட்டருக்குச் சமமான நேரத்தைத் தின்னும். இறங்கும்போதும் அதே நேரம்தான்.

இந்தக் கணக்கோடு மூன்று வழிகளையும் பார்க்கலாம். மலைக்காற்று, ஒரு தோட்டம், கொஞ்சம் போர்க்கால வரலாறு என்ற மூன்றும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட நிபந்தனை.

கொடைக்கானல்: பார்க்க நிறைய, நேரம் குறைவு

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் சுமார் 105 கி.மீ. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் இன்னும் 95 கி.மீ. ஆக ஒரு பக்கம் 200 கி.மீ., ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் 430, 440 வரை போகும். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, வத்தலக்குண்டில் அரை மணி நேரம் டிபன் சாப்பிட்டால், மலைமேல் சேரும்போது பத்து, பத்தேகால். பிற்பகல் மூன்றரைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால்தான் வெளிச்சத்தில் மலையைக் கடந்து இரவு ஒன்பதரைக்குள் வீடு வரலாம். மேலே கிடைப்பது ஐந்தே கால் மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, ஊருக்குள் வண்டி நகர ஒரு மணி கழித்தால் மிச்சம் மூன்றரை மணி. வண்டியில் கழிவது பன்னிரண்டு மணிக்கு மேல்.

அந்த மூன்றரை மணியில் மூன்று இடத்துக்கு மேல் போடக்கூடாது. பிரையண்ட் பூங்கா, பள்ளத்தாக்கு ஓர நடைபாதையான கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ். இவை போதும். 1908-இல் மதுரையைச் சேர்ந்த வன அதிகாரி ஹெச்.டி. பிரையண்ட் திட்டமிட்ட பூங்கா அது. 20 ஏக்கருக்குச் சற்று மேல், ஏரிக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ரோஜாத் தோட்டத்துக்குத் தனிப் பகுதி உண்டு, கண்ணாடி வீட்டில் பெரணியும் அலங்காரச் செடிகளும் இருக்கின்றன, 1857-இல் நட்ட யூகலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. தோட்டம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இந்த மூன்று மலைகளிலும் இதற்கு நிகராக வேறு இல்லை. இதை நேராகவே ஒத்துக்கொள்ள வேண்டும். மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் பூ நிறைந்திருக்கும், ஆனால் ஆளும் நிறைந்திருப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வார நாளில் போனால் பூவையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கோக்கர்ஸ் வாக்கையும் பில்லர் ராக்ஸையும் முதலில் முடித்துவிட வேண்டும். நண்பகலுக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து மூடிவிடும். 400 அடி உயரத்துக்கு நிற்கும் மூன்று பாறைத்தூண்களுக்குப் பதில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் பெரும்பாலும் பூங்காவை முதலில் வைத்துக்கொண்டவர்கள்தான். பூங்காவுக்கு மூடுபனி ஒரு தடையே இல்லை, பிற்பகலில் பார்க்கலாம்.

போர்க்கால வரலாறு கொடைக்கானலில் இருக்கிறது, ஆனால் அதைத் தொட முடியாது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையே காலியானது. ஜப்பானியர் கரையிறங்கினால் வெள்ளைக்காரர்கள் மேற்குக் கரைக்குத் தப்பிப்போவதற்காக, கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு போகும் மலைப்பாதையைச் சீர்படுத்தினார்கள். எஸ்கேப் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டுக் குடும்பங்கள் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பிய அதே ஆண்டு அது. கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாலையின் பின்கதை சொல்லாமலே புரியும். செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கும் பழைய விமான ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்ததே.

ஆனால் அந்தச் சாலை 1990-லிருந்து மூடியே கிடக்கிறது. மோயர் பாயிண்டுக்கு அப்பால் வனத்துறைச் சோதனைச் சாவடி. பேரிஜம் வரை போவதற்கே வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட சில வண்டிகளுக்குத்தான் கொடுப்பார்கள், அதுவும் காலையிலேயே வாங்க வேண்டும். பத்தேகாலுக்குப் போய்ச் சேரும் காரைக்குடி வண்டிக்கு அது நடக்காத காரியம். "எஸ்கேப் ரோடு வழியாக மூணாறு" என்று எவராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். வண்டிகள் மறுபடி கீழே இறங்கிப் பெரியகுளம், தேனி, போடி சுற்றித்தான் மூணாறு போகின்றன.

விதிமுறைகள் இப்போது கூடிவிட்டன. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி எல்லாம் பதிய வேண்டும். வாடகை வண்டி என்றால், கடைசி நேரத்தில் வண்டியை மாற்றினால் பாஸும் மாற வேண்டும். இதை மறந்து சோதனைச் சாவடியில் நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, சனி, ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆகவே கோடைக்காலச் சனிக்கிழமைக்குப் பாஸ் எடுக்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்ஸுக்கு மலைப்பாதையில் அனுமதி இல்லை. பெரிய சொகுசு பஸ் பேசுகிறவர்கள் நீளத்தை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது, வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஒரு பெட்டி பாட்டில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எவர்சில்வர் தூக்கும் ஒரு பெரிய கேனும் போதும்.

சிறுமலையும் திண்டுக்கல் கோட்டையும்

செட்டிநாட்டுக்காரர்கள் ஒரு நாளில் போய்வரச் சரியான வழி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் தூரம் மட்டுமல்ல. இந்த வழியில் கிடக்கும் வரலாறு நம்முடைய சொந்த வரலாறு. சிவகங்கைச் சீமையின் கதையில் பாதி திண்டுக்கல்லில்தான் நடந்தது.

1772 ஜூன் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிடம் வீழ்ந்தார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடும் அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் மேற்கே தப்பி, விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அப்போது திண்டுக்கல் ஹைதர் அலி வசம் இருந்தது. அவருடைய படை உதவியை வேண்டிப் பெற்று, எட்டாண்டு காத்திருந்து, 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். 1801-இல் கதை மறுபடி இதே சாலையில் ஓடுகிறது. அந்த ஆண்டு கோபால நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் போகிற வண்டி திருப்பத்தூரைத் தாண்டித்தானே போகிறது. மருதுபாண்டியர் நினைவிடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அவர்கள் படை திரட்டிய திசையிலேயே மேற்கே போகிற பயணம் இது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால், கோட்டை வாசலில் வழிகாட்டி தேட வேண்டியதில்லை.

நேரக்கணக்கு இப்படி. காலை 6 மணிக்குக் காரைக்குடி. ஆறே முக்காலுக்குத் திருப்பத்தூர். ஏழரைக்குச் சிங்கம்புணரியில் டிபன். ஒன்பதரைக்குள் திண்டுக்கல் கோட்டை. பதினொன்றரைக்குக் கீழே இறங்கி, நத்தம் சாலையில் வந்த வழியே திரும்பிச் சிறுமலைப் பிரிவில் மலையேறினால் பன்னிரண்டரைக்கு மேலே சாப்பாடு. நாலு மணிக்கு இறங்கினால் எட்டு மணிக்குள் வீடு. மொத்தம் 250, 260 கி.மீ. வண்டியில் ஏழரை மணி, காலில் ஐந்தரை மணிக்கு மேல். இந்த மூன்று மலைகளில் வேறெதிலும் இவ்வளவு நல்ல பங்கு கிடையாது.

கோட்டையைக் காலையிலேயே ஏற வேண்டும். அது மரநிழல் இல்லாத ஒற்றைப் பாறை, சுமார் 900 அடி உயரம். பத்தரைக்கு மேல் பாறை காய ஆரம்பித்தால் கீழிருந்தும் மேலிருந்தும் வெக்கை அடிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் போனால் காரைக்குடியில் 5 மணிக்கே கிளம்பிவிட வேண்டும். பாறையில் வெட்டிய அகலமான படிகள், நிதானமாக ஏறினால் 30, 40 நிமிடம். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், ரப்பர் செருப்போடு ஏறக்கூடாது, பட்டை வைத்த செருப்போ ஷூவோ வேண்டும். தொல்லியல் துறை பராமரிப்பில் இருப்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்க வேண்டும்.

1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை இது, திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படையதிகாரியாக, திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பின்னாளில் மைசூரையே ஆள்வதற்கு இங்கிருந்துதான் படையைப் பழக்கினார். ஆங்கிலேயர் 1783-இல் பிடித்தார்கள், உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள், 1790-இல் மறுபடி பிடித்தார்கள், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். மேலே போனதும் பீரங்கி வைத்த கொத்தளங்களையும் ஆயுதக் கிடங்கையும் சிறை அறைகளையும் பாருங்கள். சுவரின் ஓரத்தில் நின்றால் தெற்கே, கிழக்கே பரந்து கிடக்கும் சமவெளியும், சிறுமலையின் நீண்ட முதுகும் தெரியும். எதிரி எந்தத் திசையில் வந்தாலும் அரை நாளுக்கு முன்பே தூசி தெரிந்திருக்கும் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும். உச்சியில் மூலவர் இல்லாத கோயில் ஒன்று இருக்கிறது, அதன் தூண் வேலைப்பாட்டை யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ள ஆச்சிகளையும் ஐயாக்களையும் ஏறச் சொல்ல வேண்டாம். கோட்டையின் அடிவாரத்திலேயே கோட்டை மாரியம்மன் கோயில் இருக்கிறது. இளையவர்கள் ஏறி இறங்கும் வரை அவர்கள் அங்கே நிழலில் சாமி கும்பிட்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த ஒரு வசதியே மூத்தவர்கள் உள்ள கூட்டத்துக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கப் போதுமானது. யாரும் வண்டிக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி, அங்கே பிளாஸ்டிக்கைப் பார்ப்பார்கள். 20 இருக்கை டெம்போ டிராவலர் தாராளமாக ஏறும், 32 இருக்கை மினி பஸ்ஸும் போகும், அதற்கு மேல் வேண்டாம். வளைவுகளில் குரங்கு கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஜன்னல் வழியே கையில் பழத்தையோ முறுக்கையோ நீட்டிக்கொண்டிருந்தால் பறித்துவிடும், கையும் கீறும். சாயங்காலம் காட்டுமாடு சாலையில் நிற்பது சாதாரணம். ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அது நகரும் வரை நிற்க வேண்டும்.

மேலே அலங்காரத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. பிரையண்ட் பூங்காவின் ரோஜா வரிசை இங்கே இல்லை. இருப்பது விளைகிற தோட்டம்: சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் படர்ந்த மிளகு, பலா, எலுமிச்சை, அவகாடோ, நடுநடுவே மலை வாழை. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் வீட்டில் பஞ்சாமிர்தத்தைத் தெரியாதவர் உண்டா? அதற்குப் பேர்போன பழம் விருப்பாச்சி வாழை. தோல் தடித்து, உள்ளே இறுகிய மஞ்சள் சதை, தண்ணீர் குறைவு. பிசைந்தால் நீர் விடாமல் நிற்பதும், நாள்பட வைத்தாலும் கெடாததும் அதனால்தான். முடிக்கொத்து நோய் என்கிற வைரஸ் வந்து இலையெல்லாம் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுபோனதால், சிறுமலையில் வாழைத் தோட்டங்கள் முன்பு இருந்ததில் சிறு பங்குதான் இப்போது. சாலை போகாத தோட்டங்களிலிருந்து தாரைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்குவதை இன்றும் பார்க்கலாம். பழம் வாங்குவதானால் மலைமேல் சாலையோரக் கடைகளில் வாங்குங்கள், தாரின் காம்பு வெட்டு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து கறுத்திருந்தால் கீழேயிருந்து ஏற்றி வந்த பழம்.

அகத்தியர்புரமும், வெள்ளிமலைச் சிவன் இருக்கும் உச்சியும், படகு விடும் சிறிய ஏரியும் உண்டு. இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்கும் கூட்டமென்றால் வெள்ளிமலை, மூத்தவர்கள் என்றால் ஏரிக்கரை. மழைக்காலத்தில் பாதையோரப் புல்லில் அட்டை இருக்கும், கொஞ்சம் உப்பும் சுண்ணாம்பும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பொதுக் கழிப்பறை மிகக் குறைவு. திண்டுக்கல்லை விட்டு ஏறுமுன் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட வேண்டும். பெண்கள் உள்ள வண்டியில் இதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

விருப்பாச்சியையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கோபால நாயக்கருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் அது பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரத்தையும் தாண்டி, திண்டுக்கல்லிலிருந்து 40 கி.மீ. போக வர இரண்டு மணி நேரம். சிறுமலையை விட்டுவிட்டால்தான் அது முடியும். வரலாறே முக்கியம், மலை வேண்டாம் என்கிற கூட்டத்துக்குத் திருப்பத்தூர், திண்டுக்கல் கோட்டை, விருப்பாச்சி என்ற வரிசை முழுமையானது. கோட்டை, சிறுமலை, விருப்பாச்சி மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் கோட்டையைக் கீழே நின்றே பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

கொல்லிமலை

திருச்சி, நாமக்கல் வழியாகக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேடு வரை ஒரு பக்கம் 230 கி.மீ.க்குக் குறையாது, ஆறு மணி நேரம். வல்வில் ஓரி ஆண்ட மலை. சேரனுக்காக வந்த மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்ற கதை சங்கப் பாடல்களில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், செங்குத்தானவை, ஏறும்போதுதான் தெரியும். எல்லாமே பார்க்க வேண்டியவைதான், ஆனால் ஒரே நாளில் செட்டிநாட்டிலிருந்து வேண்டாம். இரவு தங்குவதானால் மட்டும் போகலாம், நடக்கத் தெம்புள்ள இளைஞர்கள், 12 இருக்கை வண்டி. நீளமான பஸ் அந்த வளைவுகளில் திரும்பாது. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அந்த நாட்களில் மலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம்.

ஏற்காடு இதைவிடத் தூரம், அதை ஒரு நாள் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால், பக்கத்திலேயே பிரான்மலை இருக்கிறது. சிங்கம்புணரி தாண்டிக் காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரம். பாரியின் பறம்பு மலை. மூவேந்தர் முற்றுகையிட்டும் போரில் வெல்ல முடியாமல் நின்ற மலை இது என்பது புறநானூறு படித்தவர்களுக்குத் தெரியும். சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் அடிவாரத்தில், உச்சியில் தர்கா. மேலே வண்டி போகாது, நடந்துதான் ஏற வேண்டும், போக வர மூன்று மணி. விடியலில் தொடங்கினால்தான் ஏற முடியும்.

வண்டி, டிரைவர், பிரேக்

எந்த மலையானாலும் வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை ஒன்றே. கி.மீ. கணக்கா, நாள் கணக்கா? ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ.? பலர் 250 அல்லது 300 என்று வைத்திருப்பார்கள். சிறுமலைப் பயணம் அதற்குள் அடங்கிவிடும், கொடைக்கானல் அடங்காது, அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. மலை வாடகை தனியா? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு? இரவு எத்தனை மணிக்கு மேல் அடுத்த நாள் வாடகை? கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பனியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் இந்தக் கடைசிக் கேள்விதான் சண்டையில் முடியும். கிலோமீட்டர் கணக்கு வண்டிக்காரர் ஷெட்டிலிருந்து தொடங்குகிறதா, உங்கள் வீட்டு வாசலிலிருந்தா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவரைப் பற்றி நினைப்பதில்லை நாம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி ஓய்வு என்றது. கொடைக்கானல் போய் வரும் நாள் பன்னிரண்டு மணி நேர ஓட்டம். ஒரே ஆளை வைத்து அதைச் செய்வது அந்த வரம்பைத் தாண்டுவது, புத்திசாலித்தனமும் இல்லை. முந்தின நாள் இரவு கல்யாண சவாரி ஓட்டிவிட்டு வந்தவரா என்று கேளுங்கள். கொடைக்கானல் என்றால் இரண்டு டிரைவர், அல்லது பயணமே வேண்டாம். சிறுமலைக்கு ஏழரை மணி ஓட்டம், அதுவும் இடையிடையே இறங்கி நிற்பதால் ஒருவர் போதும்.

ஏறும்போது ஏசியை அணைக்கச் சொல்வார், கோபப்பட வேண்டாம். கனத்த வண்டியில் குறைந்த கியரில் ஏறும்போது என்ஜின் சூடு ஏற்கெனவே அதிகம், ஏசியும் சேர்ந்தால் வெப்ப முள் சிவப்பைத் தொடும். இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும், வேகத்தை என்ஜின்தான் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் விட்டு வெறும் பிரேக்கில் இறக்கினால் டிரம் காய்ந்து, லைனிங் பிடிமானம் இழந்து, மிதித்தாலும் வண்டி நிற்காது. கருகிய ரப்பர் வாடை வந்தால் அதுதான் அறிகுறி. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி ஆற விட வேண்டும். டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கச் சிலர் சொல்வார்கள், கூடவே கூடாது. சூடான வார்ப்பிரும்பு பட்டென்று விரிசல் விடும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்கும் வண்டி. இதையும் மதிக்காமல் பாட்டை உரக்கப் போட்டு ஓட்டுகிற ஆளானால், வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை பயணிகளுக்கு உண்டு.

வாந்தி வருபவர்களைப் பின்சீட்டில் உட்கார வைக்காதீர்கள். பின் அச்சுக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி ஒவ்வொரு வளைவிலும் ஊஞ்சல்போல வீசும். முன்னும் பின்னுமான சக்கரங்களுக்கு நடுவில், ஜன்னல் ஓரம், பார்வை முன்சாலையில். செல்போன் பார்த்தால் கட்டாயம் வாந்திதான். மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி, அதற்கு மேல் இல்லை.

தவிர்க்க வேண்டிய நாட்கள்

அக்டோபர் 24 முதல் 30 வரை இந்தப் பக்கம் வண்டி எடுக்காதீர்கள். திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மருதுபாண்டியர் குருபூஜை, பசும்பொன்னில் தேவர் குருபூஜை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் வாகனக் கட்டுப்பாடும் சாலைத் திருப்பமும் வரும். வாடகை வண்டிக்காரர்களே கிளம்பத் தயங்குவார்கள். தை மாதம் இன்னொன்று. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியும் மற்ற பாதயாத்திரைக் கூட்டமும் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாம் போகும் இதே சாலையில்தான் போவார்கள், பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். தைப்பூசத்துக்கு முந்தின பத்து நாள் இந்தச் சாலையில் அதிகாலை நாலு மணி ஓட்டத்தை வைத்துக்கொள்ளவே கூடாது. போயே ஆகவேண்டும் என்றால் விடிந்தபின் கிளம்பி, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் கொடைக்கானல் மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும். சிறுமலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல காலம்.

கட்டுச்சோறு

மூன்று மலையிலும் இருபது பேருக்கு ஒரே நேரத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. சிறுமலையில் முன்கூட்டிச் சொன்னால் மட்டும் சமைத்துக் கொடுப்பார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே உத்தமம். தயிர்சாதத்தைக் காலையிலேயே முழுத் தயிரில் பிசைந்தால் பன்னிரண்டரைக்குள் புளித்துவிடும். சோறு குழைய வெந்து நன்றாக ஆறியபின் காய்ச்சி ஆறிய பால் ஊற்றி, இருபது பேருக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும் உறை ஊற்றிக் கிளம்பினால், மலைமேல் திறக்கும்போது பதமாக இருக்கும். புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும், சோறு சூட்டோடு தூக்கில் அடைக்கக்கூடாது, வேர்த்துக் கெட்டுவிடும். இலை கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் தட்டு சோதனைச் சாவடியிலேயே போய்விடும். சாப்பிட்ட இலையைக் குரங்குக்கோ காட்டுமாட்டுக்கோ போடாமல் ஒரு சாக்கில் கட்டித் திண்டுக்கல்லில் இறக்க வேண்டும். தேன்குழலும் மனகோலமும் திரும்பி வரும்போது பிரித்தால் போதும், நத்தத்தைத் தாண்டியபின் பசிக்கும்.